எண்ணெய்க்குப் பின் மாப்பொடி

மாசி மகத்தன்று கிள்ளையை அடுத்த முழுக்குத்துறைக் கடற்கரையில் அடியார் கூட்டம் அலைமோதும். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பூவராகப் பெருமாள் தீர்த்தவாரிக்கு அங்கே எழுந்தருள்கிறார். வரும் வழியில் இஸ்லாமியப் பெருமக்கள் அவருக்கு மரியாதை செய்து வரவேற்பது தலைமுறை தலைமுறையாகத் தொடரும் வழக்கம். ஊரின் பெயரிலேயே முழுக்கு இருக்கிறது. அதற்கேற்ப வயது முதிர்ந்தோரும் பேரப் பிள்ளைகளின் கையைப் பற்றிக்கொண்டு அலையில் இறங்கி மூழ்கி எழுவர். சிலர் அங்கிருந்து பிச்சாவரம் சென்று, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே சுரபுன்னையும் தில்லையும் செழித்த நீர்க்காட்டைப் படகிலிருந்தபடி கண்டு திரும்புவர்.

வீடு சேர்ந்த பிறகே உடம்பு பேசத் தொடங்கும். உப்புக் காற்றும் மாசி வெயிலும் பட்ட தோல் வெடவெடவென்று இழுக்கும். முழங்கையிலும் கெண்டைக்காலிலும் வெண்ணிறச் செதில் படியும். இரவில் அரிப்பு உறக்கத்தைக் கெடுக்கும். மறுநாள் காலை, அழுக்குத்தான் காரணம் என்று எண்ணி, நாரும் சோப்பும் கொண்டு அழுந்தத் தேய்த்துக் குளிப்பவர் பலர். தேய்க்கத் தேய்க்க அரிப்பு கூடுமே தவிரக் குறையாது. சிலருக்குத் தோல் கிழிந்து புண்ணாவதும் உண்டு.

முன்பு எல்லா வீட்டிலும் இதற்கென்று ஒரு பொடி இருந்தது. நலங்கு மாவு என்றும் ஸ்நானப் பொடி என்றும் அதைச் சொல்வர். பச்சைப்பயற்றை முதலாகக் கொண்டு, பூவும் கிழங்கும் வேரும் சேர்த்து அரைத்தது. இந்நாளில் அது மீண்டும் கடைகளுக்கு வந்துவிட்டது. ஆயினும் அதன் பயன் என்ன என்பது மாறிப்போயிற்று. தோலைச் சுரண்டி இறந்த செல்களை உதிர்ப்பதற்கான பொருளாகவே அது இன்று பேசப்படுகிறது. உப்பு, சர்க்கரை, வால்நட் ஓட்டுத் தூள் ஆகியவற்றைக் கொண்டு செய்யும் தேய்ப்புக் கலவைகளோடு அதையும் ஒன்றாக அடுக்கிவிட்டார்கள். பழைய இல்லங்களில் அந்தப் பொடிக்கு இருந்த வேலை வேறு. அது என்ன என்பதை அறிய நூல்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. அருகிலுள்ள சிவாலயத்தில் அபிஷேக நேரத்தில் சற்று நின்று பார்த்தாலே போதும்.

சந்நிதியில் ஒரு பாடம்

மஞ்சனம் என்ற சொல்லுக்கு நீராட்டு என்பதே பொருள். இறைவனுக்குச் செய்யும் நீராட்டு திருமஞ்சனம் ஆயிற்று. சிதம்பரத்தில் ஆடல்வல்லானுக்கு ஆண்டில் 6 நாட்களில் மட்டும் மகாபிஷேகம் நிகழ்கிறது. சித்திரைத் திருவோணம், ஆனி உத்திரம், மார்கழித் திருவாதிரை ஆகிய மூன்று நட்சத்திர நாட்களும், ஆவணி, புரட்டாசி, மாசி மாதங்களின் சதுர்த்தசித் திதிகளும் அவை. ஆனியிலும் மார்கழியிலும் தேரிலிருந்து இறங்கிய பெருமானுக்கு ஆயிரங்கால் மண்டபத்தில் வைகறையில் நடக்கும் திருமஞ்சனத்தைக் காண ஊரே விழித்திருக்கும். சிற்சபையின் வழிபாடு பதஞ்சலி முனிவர் வகுத்த முறையைச் சார்ந்தது. ஏனைய சிவாலயங்களில் ஆகம வழி நடக்கும் அபிஷேகத்தில் திரவியங்களுக்கு ஒரு வரிசை உண்டு. கோயிலுக்குக் கோயில் சிறு மாறுதல் இருப்பினும் அதன் தொடக்கம் பெரும்பாலும் ஒன்றே: முதலில் எண்ணெய்க்காப்பு, பஞ்சகவ்யம், அதன்பின் மாப்பொடி, நெல்லிமுள்ளிப் பொடி, மஞ்சள் பொடி. பால், தயிர், தேன், இளநீர் முதலியவை அவற்றுக்குப் பிறகே வரும். நிறைவாகச் சந்தனம்.

மாப்பொடி அபிஷேகத்தால் கடன் தீரும், நெல்லிமுள்ளிப் பொடியால் நோய் நீங்கும் என்பது பக்தர்களின் நம்பிக்கை. அந்தப் பலனோடு, கண்ணால் காணத்தக்க ஒரு காரியமும் அங்கே நடக்கிறது. எண்ணெய் சாற்றிய திருமேனியில் வெறும் நீரை ஊற்றினால் அது வழுக்கி ஓடிவிடும். எண்ணெய் அப்படியே நிற்கும். மாப்பொடியைத் தூவி உள்ளங்கையால் மெல்லத் தடவும்போது மாவு எண்ணெயை வாங்கிக்கொள்கிறது. பின்னர் நீர் வார்த்தால் எண்ணெயும் மாவும் அவற்றில் ஒட்டிய தூசும் சேர்ந்து கழன்றுபோகின்றன. அர்ச்சகர் திருமேனியைச் சுரண்டுவதில்லை, நாரைத் தொடுவதுமில்லை. கருங்கல் திருமேனி ஆயினும் கை அதன்மீது மெதுவாகவே செல்கிறது.

எண்ணெய் தளர்த்துகிறது, மாவு வாங்குகிறது, நீர் எடுத்துச் செல்கிறது. இம்மூன்றும் வரிசையாக நடந்தால் தேய்ப்பு என்ற வேலைக்கே இடமில்லை. வீட்டு ஸ்நானப் பொடியும் இதே வரிசையில் வந்தது. சனிக்கிழமை ஆடவரும் வெள்ளிக்கிழமை பெண்டிரும் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு, பயற்றம்பொடி பூசி நீராடினர். எண்ணெயை விட்டுவிட்டுப் பொடியை மட்டும் எடுத்துக்கொண்டதில்தான் இன்றைய பிழை தொடங்குகிறது.

மருத்துவ நூல்களும் இந்த வரிசையையே காட்டுகின்றன. வாக்படர் இயற்றிய அஷ்டாங்க ஹிருதயம், அன்றாட ஒழுக்கத்தைச் சொல்லும் பகுதியில் முதலில் எண்ணெய்த் தேய்ப்பையும், பிறகு உத்வர்த்தனம் எனும் பொடித் தேய்ப்பையும், அதற்குப் பின் நீராடலையும் வைக்கிறது. எண்ணெய்த் தேய்ப்பு முதுமையையும் களைப்பையும் வாதத்தையும் தணிக்கும் என்றும், பொடித் தேய்ப்பு கபத்தையும் கொழுப்பையும் குறைக்கும் என்றும் அந்நூல் பிரித்துச் சொல்கிறது. முதுமை வாதம் மிகும் பருவம் என்பது ஆயுர்வேதக் கொள்கை. வாதத்தின் இயல்பு வறட்சி. ஆகவே முதியவர் உடம்புக்கு எண்ணெய் முதன்மை. பொடி அதற்குத் துணை.

முதிர்ந்த தோலின் இயல்பு

இன்றைய தோல் மருத்துவம் வேறு சொற்களில் இதே இடத்துக்கு வந்து சேர்கிறது. தோலின் மேலடுக்கு தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்வது. அடியில் பிறக்கும் செல்கள் மெல்ல மேலேறி, உலர்ந்து, கண்ணுக்குத் தெரியாமல் உதிர்கின்றன. இளமையில் இதற்கு ஏறத்தாழ 4 வாரங்கள் ஆகும். முதுமையில் இந்த ஓட்டம் மந்தமாகும். அதனால் உதிர வேண்டியவை மேலேயே தங்கிச் செதிலாகத் தெரிகின்றன. தோலுக்கு மெருகூட்டும் எண்ணெய்ச் சுரப்பும் குறைகிறது. மேல்தோலும் அடித்தோலும் ஒன்றையொன்று பற்றி நிற்கும் பிடி தளர்கிறது. எனவேதான் இளைஞருக்குச் சிராய்ப்பாக முடியும் உராய்வு முதியவருக்குத் தோலுரிதலாக முடிகிறது.

ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை உடையது; அதன் அமில அளவு ஏறத்தாழ 5.5. வழக்கமான சோப்பின் அளவு 9 முதல் 10 வரை இருக்கும், அது காரத்தன்மை. நாள்தோறும் உடம்பு முழுவதும் சோப்பைத் தேய்த்தால், எஞ்சியிருக்கும் எண்ணெய்ப் பசையும் போய்விடும். பயற்று மாவு அவ்வளவு கடுமை காட்டுவதில்லை. அதிலுள்ள மாவுச்சத்தும் புரதமும் மேலோட்டமான எண்ணெயையும் அழுக்கையும் வாங்கிக்கொள்கின்றன. எண்ணெயில் ஊறி இளகிய செதில்கள் மாவோடு சேர்ந்து தாமே வந்துவிடுகின்றன. வராதவற்றை வற்புறுத்தக் கூடாது. அவை அடுத்த வாரம் வரும்.

தில்லை மரம் சொல்லும் எச்சரிக்கை

பொடிக்குரிய பொருள்களைச் சேர்க்கும் முன் பிச்சாவரத்துக்கு ஒருமுறை திரும்பிச் செல்ல வேண்டும். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்தது தில்லை மரம். தலவிருட்சமும் அதுவே. வியாக்கிரபாத முனிவர் மரமேறி மலர் பறிக்கப் புலிக்கால்களை வேண்டிப் பெற்றது அந்தத் தில்லை வனத்தில்தான் என்பது புராணம். ஊர் வளர வளர வனம் மறைந்தது. இன்று தில்லை மரங்களைத் தேடுவோர் பிச்சாவரத்துக்குத்தான் போக வேண்டும். அந்தச் சதுப்புநிலக் காடு 2022-இல் ராம்சர் உடன்படிக்கையின்கீழ் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

போற்றி வணங்கத்தக்க அந்த மரத்தின் இலையையோ கிளையையோ ஒடித்தால் வெண்ணிறப் பால் வடியும். அது தோலில் பட்டால் எரிச்சலும் கொப்புளமும் உண்டாகும். கண்ணில் பட்டால் பார்வையையே தற்காலிகமாகப் பறித்துவிடும். அடியார்கள் படகிலிருந்து அதைக் கைகூப்பித் தொழலாம். பிரசாதமாக எண்ணி இலை கிள்ளக் கூடாது. தவறிப் பட்டுவிட்டால் நல்ல நீரால் நெடுநேரம் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மரத்தில் விளைந்தது, மூலிகை, இயற்கை என்பவை எல்லாம் தோலுக்கு நன்மை செய்வன என்று கொள்வது தவறு என்பதைத் தில்லை மரம் எளிதில் விளக்கிவிடுகிறது. நலங்கு மாவுப் பட்டியல்களிலும் இத்தகைய பொருள் ஒன்று உண்டு. அது கார்போகரிசி. வெண்புள்ளிக்கு மருந்தாகச் சித்த மருத்துவர்கள் பயன்படுத்துவது, மதிப்புடைய சரக்கு. ஆயினும் அதிலுள்ள சோரலன் என்ற பொருள், தோலை வெயிலுக்கு மிகவும் கூசச் செய்யும். அதைப் பூசிக் குளித்துவிட்டு வெயிலில் நின்றால் தோல் வெந்து, கொப்பளித்து, கறுத்துப்போகலாம். தேர்த்திருவிழாவுக்கும் தீர்த்தவாரிக்கும் வெயிலில் நிற்கும் முதியோர் தமது பொடியில் அதைச் சேர்க்காதிருப்பதே நலம். எலுமிச்சைச் சாற்றை மாவில் குழைத்துப் பூசுவதும் அவ்வாறே தீங்கு தரக்கூடும்.

மஞ்சளிலும் கவனம் வேண்டும். கஸ்தூரி மஞ்சள் என்ற பெயரில் வேறு கிழங்குகளும் விற்பனையாகின்றன. மஞ்சள் தூளுக்கு மினுக்கு ஏற்ற ஈயக் குரோமேட்டைக் கலக்கும் கொடுமையும் நாட்டில் உண்டு. ஆதலால் தூளாக வாங்காமல் கிழங்காக, நம்பிக்கையான நாட்டுமருந்துக் கடையில் வாங்கி அரைத்துக்கொள்வது நன்று. மஞ்சள் வேண்டாதவர் அதை விட்டுவிடலாம். ஆடவருக்குச் செய்யும் பொடியில் அதைத் தவிர்ப்பது பழைய வழக்கந்தான். தூய்மை செய்வது பயறு. மற்றவை மணமும் நிறமும் தருபவை.

பொடி செய்யும் முறை

இருவர் வாரம் இருமுறை பயன்படுத்தினால் ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாக வரும் அளவு இது:

பச்சைப்பயறு — 300 கிராம்
உலர்ந்த ஆவாரம்பூ — 25 கிராம்
உலர்ந்த ரோஜா இதழ் — 25 கிராம்
பூலாங்கிழங்கு — 25 கிராம்
வெட்டிவேர் — 15 கிராம்
கஸ்தூரி மஞ்சள் — 10 கிராம் (விரும்பினால்)

பயற்றில் கல்லும் மண்ணும் நீக்கி, துணியால் துடைத்து, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். கிழங்குகளைச் சிறு துண்டுகளாக இடித்து அவற்றோடு காயவைக்கலாம். பூக்களை நிழலில் உலர்த்தினால் மணம் போகாது. வெட்டிவேரை மண் போக அலசி, உலர்த்தி, விரற்கடை நீளத்துக்கு நறுக்கிக்கொள்ள வேண்டும். நீளமாக விட்டால் நார் அரைபடாது.

கோயில் மாப்பொடி அரிசி மாவுதானே, வீட்டிலும் அரிசியைச் சேர்த்தால் என்ன என்று கேட்பர் சிலர். அரிசி மாவு எவ்வளவு அரைத்தாலும் சிறிது நறநறப்பைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். கருங்கல் அதைத் தாங்கும். எழுபது வயதுத் தோல் தாங்காது. முதியோருக்குரிய பொடியில் அரிசி வேண்டாம்.

மாவு மில்லில் அரைப்பதாயின், சீயக்காய்க்கும் ஸ்நானப் பொடிக்கும் தனி இயந்திரம் வைத்திருக்கும் இடமாகப் பார்த்துச் செல்ல வேண்டும். மிளகாய் அரைத்த இயந்திரத்தில் அரைத்த பொடியால் குளியலறையில் துடித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். மிக்ஸியில் அரைப்பதாயின் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, சூடேறாதவாறு நிறுத்தி நிறுத்தி அரைக்கலாம்.

அரைத்ததும் வேலை முடிந்துவிடவில்லை. சித்த மருத்துவத்தில் சூரணம் செய்வோர் பொடியை மெல்லிய துணியில் சலித்தெடுப்பர். அதற்கு வஸ்திரகாயம் என்று பெயர். இந்தப் பொடிக்கும் வஸ்திரகாயம் இன்றியமையாதது. முதலில் மாவுச் சல்லடையில் சலித்து, பிறகு பழைய மல் வேட்டித் துணியைப் பாத்திரத்தின் வாயில் கட்டி அதில் சலித்தெடுக்க வேண்டும். வெட்டிவேர் நாரும் கிழங்கின் கரடும் துணியிலேயே நின்றுவிடும். சலித்த பொடியைச் சிட்டிகை எடுத்து மணிக்கட்டின் உட்புறம் தேய்த்துப் பார்க்கலாம். விபூதியைப் போல வழுவழுப்பாக இருந்தால் போதுமானது. நறநறத்தால் மறுபடி சலிக்க வேண்டும். துணியில் தங்கிய கப்பியை வீணாக்க வேண்டாம். பாதத்தின் பித்தவெடிப்பில்லாத குதிகால் பகுதிக்கு ஊறவைத்துப் பயன்படுத்தலாம், அல்லது செடிக்கு உரமாகப் போடலாம்.

சூடு முற்றும் ஆறியபின் கண்ணாடிப் புட்டியில் நிரப்பி மூட வேண்டும். ஈரக்கையோ ஈரக் கரண்டியோ படலாகாது. கடலூர், சிதம்பரம் போன்ற கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காற்றே ஈரமாக இருக்கும். அம்மாதங்களில் பாதி அளவு மட்டும் செய்வது உத்தமம். புழுங்கல் வாடையோ கட்டியோ பூச்சியோ தென்பட்டால் தயங்காமல் கொட்டிவிட வேண்டும். மாசி, பங்குனி வெயில் பயறு காய வைக்கவும் ஏற்றது.

நீராடும் முறை

புதிய பொடியை முதன்முறை உடம்பு முழுவதும் பூசக் கூடாது. சிறிது குழைத்து முன்கையின் உட்புறத்தில் தடவிக் கழுவிவிட்டு ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். சிவப்போ தடிப்போ அரிப்போ வந்தால் அந்தப் பொடி அவருக்கு ஆகாது.

ஒத்துக்கொண்டால், குளிப்பதற்குக் கால் மணி நேரம் முன்பு இலேசாகச் சூடாக்கிய நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ கை, கால், முதுகு ஆகியவற்றில் மெல்லத் தடவ வேண்டும். உள்ளங்காலில் வேண்டாம், வழுக்கும். இரண்டு மேசைக்கரண்டி பொடியைக் கிண்ணத்தில் போட்டு, வெதுவெதுப்பான நீரோ பாலோ விட்டுத் தோசை மாவு பதத்துக்குக் குழைத்து 5 நிமிடம் ஊறவிட வேண்டும். மாவு நீரை இழுத்து உப்பி மென்மையாகும். பொடியை உலர்ந்தவாறே கொட்டித் தூவினால் மூக்கில் ஏறும்; இளைப்பு நோய் உள்ளவர்களுக்கு அது கேடு.

உடம்பில் நீர் ஊற்றும் முன்பே குழைத்த மாவைப் பூசினால்தான் அது எண்ணெயை நன்கு வாங்கும். உள்ளங்கையை மட்டும் பயன்படுத்தி, மேலிருந்து கீழாக, இரண்டு நிமிடம் தடவினால் போதும். விரல் நகமோ நாரோ பீர்க்கங்கூடோ வேண்டாம். மாவு உடம்பில் காய்ந்து இறுகும்வரை காத்திருந்து உரித்தெடுப்பது மிகத் தவறான பழக்கம். ஈரமாக இருக்கும்போதே வெதுவெதுப்பான நீரால் கழுவிவிட வேண்டும். கொதிக்கும் நீர் தோலின் எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும். அக்குள், தொடையிடுக்கு, விரலிடுக்கு ஆகிய இடங்களில் மாவு தங்கினால் அங்கே பூஞ்சை வளரும்; அவற்றை நன்றாக அலசித் துடைக்க வேண்டும்.

குளித்தபின் துவாலையால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரப்பதம் இருக்கும்போதே சில துளித் தேங்காயெண்ணெயைக் கைகால்களில் தடவிக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை போதும். மற்ற நாட்களில் நீர் மட்டும் ஊற்றி, வேண்டிய இடங்களில் சிறிது சோப்பு போடலாம்.

எண்ணெயும் மாவும் சேர்ந்த தரையைப் போல் வழுக்குவது வேறில்லை. முதுமையில் ஒரு வீழ்ச்சி இடுப்பெலும்பை முறித்து ஆண்டுக்கணக்கில் படுக்கையில் தள்ளிவிடும். ஆதலால் உறுதியான முக்காலியிலோ நாற்காலியிலோ அமர்ந்தே இந்தக் குளியல் நடைபெற வேண்டும். கதவைத் தாழிடாமல் சாத்திவைத்து, குரல் கேட்கும் தூரத்தில் ஒருவர் இருக்க வேண்டும். எழுந்திருக்கும் முன் தரையில் நீர் ஊற்றி மாவை ஓட்டிவிட வேண்டும்.

விலக வேண்டியவர்கள்

தோலில் புண், வெடிப்பு, கொப்புளம், படை உள்ளவர்கள் அவை ஆறும்வரை பொடியைத் தொட வேண்டாம். நீரிழிவு உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி மங்கியிருக்கலாம். சிறு கீறலும் தெரியாமல் ஆறாப் புண்ணாகும். பாதங்களில் அவர்கள் எதையும் தேய்க்காமல் இருப்பதே பாதுகாப்பு. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர்களுக்கு இலேசான அழுத்தத்திலேயே கன்றிப்போகும். பச்சிளங் குழந்தைகளுக்கு மருத்துவர் சொல்லைக் கேட்டே எதையும் பூச வேண்டும்.

எண்ணெயும் பொடியும் முறையாகப் பயன்படுத்தியும் இரண்டு, மூன்று வாரங்களில் அரிப்பு தணியவில்லை எனில் அதை வறட்சி என்று எண்ணி வாளாவிருக்கலாகாது. சிறுநீரகம், கல்லீரல், நீரிழிவு முதலியவற்றின் கோளாறுகளும் அரிப்பாகவே முதலில் தலைகாட்டுவதுண்டு. ஒரே வீட்டில் பலருக்கு இரவில் அரித்தால் அது சொறியாக இருக்கலாம். மருத்துவரைக் காண வேண்டிய இடங்கள் இவை.

முதுகு தொடும் கை

பார்வதி தேவி நீராடப் போகும்போது உடலிலிருந்து திரட்டிய அழுக்கைப் பிடித்து உயிர் கொடுத்து விநாயகரைப் படைத்தாள் என்கிறது சிவபுராணம். அம்பிகை பூசிக்கொண்ட மஞ்சளையே திரட்டினாள் என்று இல்லங்களில் கதை சொல்வர். பூஜைக்கு முன் மஞ்சள் பிள்ளையார் பிடிக்கும் கைகள் அதை நினைத்துக்கொள்வதுண்டு. குளியலின்போது கழிந்து போவதைக்கூட இழிவாகக் கருதாத மரபு இது. அந்த மரபில் வந்தவர்கள் தம் தோலில் தெரியும் செதிலைக் கண்டு நாணுவதற்கோ, பகையைப் போல் அதைச் சுரண்டி எறிவதற்கோ காரணம் இல்லை.

இந்தக் குளியலில் முதியவரால் தாமே செய்துகொள்ள இயலாத ஒன்று உண்டு. கை எட்டாத நடுமுதுகு. அரிப்பும் அங்கேதான் மிகுதி. சீப்பையும் அளவுகோலையும் கொண்டு முதுகைச் சொறிந்துகொள்ளும் பெரியவர்கள் வீட்டிலுள்ளோரிடம் அதைச் சொல்வதில்லை. தொந்தரவாக இருக்குமோ என்ற கூச்சம். வீட்டிலுள்ளோரும் கேட்பதில்லை, அவருக்குப் பிடிக்காதோ என்ற தயக்கம். இரு பக்கமும் அன்பிருந்தும் முதுகு வறண்டே கிடக்கிறது.

ஒரு காலத்தில் இதே பாட்டிமார், முற்றத்தில் காலை நீட்டி அமர்ந்து, முழங்கால்மேல் குழந்தையைக் கிடத்தி, எண்ணெய் தடவி, பயற்றம்பொடி பூசி நீராட்டியவர்கள். அழும் குழந்தையின் கண்ணில் மாவு படாமல் புருவத்தில் உள்ளங்கையை அணைவைத்து நீர் வார்த்தவர்கள். அந்தக் குழந்தைகள் இன்று வளர்ந்து குடும்பம் நடத்துகிறார்கள். வாரத்தில் ஒரு நாள், பத்து நிமிடம் ஒதுக்கி, கிண்ணத்தில் மாவைக் குழைத்துக்கொண்டு, "முதுகைக் காட்டும்மா" என்று அருகில் உட்கார அவர்களால் முடியும்.

அபிஷேகத்துக்குப் பால்குடம் எடுத்துச் செல்லும் பிள்ளைகள், வீட்டுப் பெரியவருக்கு இந்தப் பணியைச் செய்துவிட்டுச் சந்நிதிக்குச் சென்றால் ஆடல்வல்லான் அதையும் தம் திருமஞ்சனத்தில் சேர்த்துக்கொள்வான். பெரியவர்களும் கூச்சத்தை விட்டு ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். வரும் வெள்ளிக்கிழமையோ சனிக்கிழமையோ அதற்கு நல்ல நாள்.